இரவல் ஊழியர்கள்

2021 ஜனவரியின் கடைசி வாரத்தில் ஆந்திரப் பிரதேசத்தில் ஒரு விசித்திரம் நடந்தது. கிராம ஊராட்சித் தேர்தலுக்கான அறிவிக்கையை மாநிலத் தேர்தல் ஆணையர் நிம்மகட்ட ரமேஷ் குமார் வெளியிட்டுவிட்டார். தேர்தலை நடத்த வேண்டிய ஊழியர்களின் சங்கங்களோ வரமாட்டோம் என்றன. கொரோனா தடுப்பூசிப் பணி தொடங்கியிருக்கிறது, உயிருக்கு ஆபத்து என்பது அவர்கள் சொன்ன காரணம். மாநில அரசும் ஏறக்குறைய அதே காரணத்தைச் சொல்லி உச்ச நீதிமன்றம் வரை போயிருந்தது. ஜனவரி 25 அன்று நீதிபதிகள் சஞ்சய் கிஷன் கவுல், ஹிரிஷிகேஷ் ராய் அமர்வு அந்த மனுக்களைத் தள்ளுபடி செய்து, சங்கங்களின் போக்கையும் கண்டித்தது. பிப்ரவரி 9இல் தொடங்கி 21 வரை நான்கு கட்டங்களாக வாக்குப்பதிவு நடந்தது. வரமாட்டோம் என்றவர்களே வந்து நடத்தினார்கள்.

ஊழியர்களின் அச்சம் பொய் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால், அந்த அச்சமும் ஆளுங்கட்சியின் விருப்பமும் ஒரே குரலில் பேசியது தற்செயல் என்று நம்புவது கடினம். முந்தைய பத்து மாதங்களை நினைத்துப் பார்க்கவேண்டும். 2020 மார்ச் 15 அன்று, தொற்றுப் பரவலைக் காரணம் காட்டி உள்ளாட்சித் தேர்தலை ஆறு வாரங்களுக்குத் தள்ளிவைத்தவர் இதே ஆணையர்தான். அப்போது தேர்தல் வேண்டும் என்றது அரசு; முதலமைச்சர் ஜெகன்மோகன் ரெட்டி அவரைப் பகிரங்கமாகச் சாடினார். ஏப்ரல் 10 அன்று ஓர் அவசரச் சட்டம் வந்தது. ஆணையரின் பதவிக்காலம் ஐந்தாண்டிலிருந்து மூன்றாண்டாகக் குறைந்தது. ரமேஷ் குமார் வீட்டுக்குப் போனார். சென்னை உயர் நீதிமன்றத்தின் ஓய்வுபெற்ற நீதிபதி வி. கனகராஜ் அந்த நாற்காலியில் அமர்ந்தார். மே 29 அன்று ஆந்திர உயர் நீதிமன்றம் அந்த அவசரச் சட்டத்தைச் செல்லாது என்றது. அதன் பிறகும் பழைய ஆணையர் பதவிக்குத் திரும்ப இரண்டு மாதங்கள் பிடித்தன.

மண்டல அலுவலகத்தில் கோப்பு பார்க்கும் ஓர் ஊழியர் இதையெல்லாம் கவனிக்காமல் இருந்திருப்பாரா? தேர்தல் ஆணையரையே ஒரு கையெழுத்தில் அனுப்பிவிடக்கூடிய அரசு, தன்னை எங்கே அனுப்பும் என்று அவருக்குத் தெரியும். தேர்தல் காலத்தில் அரசு ஊழியரின் நடுநிலை பற்றிப் பேசும்போது நாம் அதைத் தனிமனித ஒழுக்கமாகவே பேசிப் பழகிவிட்டோம். நேர்மையானவர், வளைந்துகொடுப்பவர் என்று இரண்டு பெட்டிகள். உள்ளாட்சித் தேர்தலைப் பொறுத்தவரை இந்தப் பேச்சு பெரிதாக உதவாது. ஊழியரின் இடமாறுதல் ஆணை யார் மேசையில் இருக்கிறது, தேர்தல் முடிந்த மறுநாள் காலையில் அவர் யாருக்குப் பதில் சொல்லவேண்டும் என்ற இரண்டு கேள்விகளே அவருடைய நடுநிலையின் அளவைப் பெரும்பாலும் தீர்மானிக்கின்றன.

விதிகள் இல்லாமல் இல்லை. மத்திய குடிமைப் பணிகள் (நடத்தை) விதிகள், 1964இன் ஐந்தாம் விதி, சட்டமன்றத் தேர்தலானாலும் உள்ளாட்சி அமைப்பின் தேர்தலானாலும் அரசு ஊழியர் வாக்குக் கேட்கவோ தன் செல்வாக்கைப் பயன்படுத்தவோ கூடாது என்கிறது. வாக்களிக்கலாம், ஆனால் யாருக்குப் போடப்போகிறார், யாருக்குப் போட்டார் என்ற சாடையைக்கூடக் காட்டக்கூடாது. தன் உடம்பிலோ வண்டியிலோ வீட்டிலோ தேர்தல் சின்னத்தைக் காட்டினால் அதுவே செல்வாக்கைப் பயன்படுத்தியதாகும். தமிழ்நாடு அரசு ஊழியர் நடத்தை விதிகள், 1973உம் இதே தடத்தில் செல்பவை.

இந்த விதிகளின் மனக்கண்ணில் இருப்பது கட்சி. கொடி, சின்னம், மேடை. ஆனால் தமிழ்நாட்டில் கிராம ஊராட்சித் தலைவருக்கும் வார்டு உறுப்பினருக்கும் நடக்கும் தேர்தல் கட்சி சார்பற்றது. ஒன்றிய வார்டுக்கும் மாவட்ட ஊராட்சி வார்டுக்கும்தான் கட்சிச் சின்னம். வாக்காளர் ஒரே நாளில் நான்கு சீட்டுகளில் முத்திரை குத்துகிறார். அவற்றில் இரண்டில் பூட்டு சாவியும் ஆட்டோ ரிக்ஷாவும் நிற்கின்றன. அங்கே சார்பு என்பது தெருவாக, பங்காளி உறவாக, மாமன் மச்சானாக, சாதியாக இருக்கிறது. வண்டியில் பூட்டு சாவிப் படத்தை ஒட்டிக்கொண்டு எந்த ஊழியரும் போவதில்லை. விதிப் புத்தகம் தேடும் தடயம் எதுவும் கிடைக்காமலேயே ஒரு பக்கம் சாய்ந்துவிட முடியும்.

ஊராட்சிச் செயலரை எடுத்துக்கொள்வோம். வீட்டு வரி, குடிநீர்க் கட்டணம், தீர்மானப் புத்தகம், பயனாளிகள் பட்டியல் எல்லாம் அவர் கையில். ஊராட்சிக்கு வைத்திருக்கும் வரி பாக்கி ஒருவருடைய வேட்புமனுவைக் கவிழ்த்துவிடக்கூடியது. பாக்கி இல்லை என்று ரசீது தரவேண்டியவர் அவர்தான். மனுத்தாக்கலின் கடைசி நாளில் அவர் அலுவலகத்தில் இல்லையென்றால், செல்போனை அணைத்துவிட்டார் என்றால், அதை எந்த நடத்தை விதியில் சேர்ப்பது? அவரைச் சுற்றி மேல்நிலைத் தொட்டி இயக்குபவர், தூய்மைக் காவலர்கள், நூறு நாள் வேலையின் பணித்தளப் பொறுப்பாளர் என்று ஒரு வட்டம் இருக்கிறது. பலர் தொகுப்பூதியக்காரர்கள், நடத்தை விதிகள் முழுமையாக இவர்களைத் தொடுவதுகூட இல்லை. இவர்கள் அந்த ஊர்க்காரர்கள். வெல்லப்போகிறவர் யாரோ, அவரே நாளை இவர்களுக்கு வேலை சொல்லப்போகிறவர். தோற்றவரும் அதே தெருவில்தான் இருப்பார். மக்களவைத் தேர்தலில் வாக்குச்சாவடிக்குப் போகும் ஆசிரியருக்கு வேட்பாளர் முகமே தெரியாது. கணினிக் குலுக்கலில் எங்கோ ஒரு தொகுதியில் விழுந்திருப்பார். அந்தத் தூரம் அவருக்குத் தரும் பாதுகாப்பு ஊராட்சி ஊழியருக்கு இல்லை.

மேலே போனாலும் இதே சிக்கல் வேறு உருவில் இருக்கிறது. மாவட்ட ஆட்சியர் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 1994இன்படி ஊராட்சிகளின் ஆய்வாளர். அச்சட்டத்தின் 205ஆம் பிரிவின் கீழ் ஊராட்சித் தலைவரைப் பதவிநீக்கும் நடவடிக்கை எடுப்பவர் அவரே. தேர்தல் வந்தால் அவரே மாவட்டத் தேர்தல் அலுவலர். ஒன்றிய அளவில் தேர்தல் வேலையைச் சுமப்பது வட்டார வளர்ச்சி அலுவலகம். ஊராட்சியின் அன்றாடக் கணக்கை மேற்பார்ப்பதும் அதே அலுவலகம். இன்னும் ஒன்றும் உண்டு. தேர்தல் நடக்காத காலத்தில் ஊராட்சிகளை ஆள்வது இவர்களே. 2016 அக்டோபரில் நடக்கவிருந்த உள்ளாட்சித் தேர்தலின் அறிவிக்கையை அந்த மாதம் 4ஆம் தேதி சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அதன் பிறகு 27 மாவட்டங்களின் ஊரகப் பகுதியில் 2019 டிசம்பர் 27, 30 தேதிகளிலும், மீதி ஒன்பது மாவட்டங்களில் 2021 அக்டோபரிலும், நகர்ப்புறங்களில் 2022 பிப்ரவரி 19இலும்தான் வாக்குப்பதிவு நடந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் தனி அலுவலர்கள் ஆண்டார்கள். அதிகாரி வர்க்கத்தின் மீது குற்றம் சாட்ட இதைச் சொல்லவில்லை. ஆனால் தேர்தல் நடந்தால் அதிகாரம் கைமாறும், நடக்காவிட்டால் தங்களிடமே இருக்கும் என்ற நிலையில் உள்ளவர்களைத்தான் நாம் நடுவர்கள் என்று அழைக்கிறோம்.

இதைச் சரிசெய்யத்தான் 73, 74ஆம் அரசமைப்புத் திருத்தங்கள் மாநிலத் தேர்தல் ஆணையத்தை உருவாக்கின. ஆணையரை உயர் நீதிமன்ற நீதிபதியை நீக்கும் முறையில் மட்டுமே நீக்கமுடியும் என்கிறது 243கே பிரிவு. ஆணையம் கேட்டால் ஆளுநர் ஊழியர்களைத் தந்து உதவவேண்டும் என்றும் சொல்கிறது. அங்கேதான் முடிச்சு. ஆணையத்துக்குச் சொந்தமாக இருப்பது ஒரு சிறு அலுவலகம். களத்தில் நிற்கும் அத்தனை பேரும் இரவல். மக்களவை, சட்டமன்றத் தேர்தல்களிலும் ஊழியர்கள் இரவல்தான். ஆனால் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், 1951இல் பின்னர் சேர்க்கப்பட்ட 28ஏ பிரிவு, தேர்தல் அறிவிக்கையிலிருந்து முடிவு அறிவிக்கும்வரை அந்த ஊழியர்கள் தேர்தல் ஆணையத்துக்கு அயற்பணியில் அனுப்பப்பட்டவர்களாகவே கருதப்படுவார்கள், அதன் கட்டுப்பாட்டுக்கும் ஒழுங்குக்கும் உட்பட்டவர்கள் என்று தெளிவாகச் சொல்கிறது. அந்த ஒழுங்கு அதிகாரத்தின் எல்லை குறித்து தலைமைத் தேர்தல் ஆணையர் டி.என். சேஷன் காலத்தில் மூண்ட சண்டை உச்ச நீதிமன்றத்துக்குப் போய், 2000ஆம் ஆண்டில் சமரசமானது. ஆணையம் தவறிழைக்கும் அதிகாரியை இடைநீக்கம் செய்யலாம். அதன் பரிந்துரை மீது அரசு ஆறு மாதத்துக்குள் நடவடிக்கை எடுக்கவேண்டும்.

மாநில ஆணையங்களின் பின்னால் இப்படியொரு வரலாறு இல்லை. கிஷன்சிங் தோமர் வழக்கில் 2006ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, இந்தியத் தேர்தல் ஆணையத்துக்கு அடங்குவதுபோலவே மாநில ஆணையங்களுக்கும் மாநில அரசுகள் அடங்கவேண்டும் என்றது. சொல்லப்பட்டு பதினான்கு ஆண்டுகள் கழித்து ஆந்திராவில் நடந்ததை மேலே பார்த்தோம். கோவாவில் இன்னும் வெளிப்படையாக நடந்தது. பதவியில் இருக்கும் சட்டத்துறைச் செயலரிடமே தேர்தல் ஆணையர் பொறுப்பைக் கூடுதலாகக் கொடுத்தது அரசு. காலையில் அரசுக்குச் சட்ட ஆலோசனை, மாலையில் அரசிடமிருந்து சுதந்திரம்! 2021 மார்ச் 12 அன்று நீதிபதி ரோஹிண்டன் நாரிமன் தலைமையிலான அமர்வு, அரசுப் பதவியில் இருப்பவர் எவரும் மாநிலத் தேர்தல் ஆணையராக இருக்கக்கூடாது என்று நாடு முழுமைக்கும் உத்தரவிட்டது. தலைக்குச் சுதந்திரம் கிடைத்தது. கையும் காலும் இன்னும் இரவல்.

கை கால் இரவலாக இருப்பதன் விளைவை வாக்குச்சாவடியில் தேடுவது பொதுவழக்கம். எனக்கென்னவோ உள்ளாட்சித் தேர்தலின் பலவீனமான இடம் வேட்புமனு மேசை என்றே தோன்றுகிறது. 2018இல் மேற்கு வங்கத்தின் மூன்றடுக்கு ஊராட்சிகளில் 58,692 இடங்களில் 20,159 இடங்கள் போட்டியின்றி நிரம்பின. மனு கொடுக்கவிடாமல் அடித்துத் துரத்தினார்கள் என்று எதிர்க்கட்சிகள் நீதிமன்றம் போயின. மனுத்தாக்கலுக்கான காலத்தை ஒருநாள் நீட்டித்து ஏப்ரல் 9 அன்று ஆணை பிறப்பித்த மாநிலத் தேர்தல் ஆணையம், மறுநாள் காலையிலேயே அதைத் திரும்பப் பெற்றது. அந்தத் திரும்பப்பெறுதலை கொல்கத்தா உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. மின்னஞ்சலில் வந்த மனுக்களை ஏற்கவும் அது ஒரு கட்டத்தில் உத்தரவிட்டது. சட்டத்தில் அதற்கு இடமில்லை என்று உச்ச நீதிமன்றம் ஆகஸ்ட் 24 அன்று அதை நீக்கியது. போட்டியே இல்லாத இடத்தில் வாக்குப்பதிவு நாளின் பார்வையாளரும் கண்காணிப்புக் கேமராவும் எதைக் கண்காணிக்கும்?

நடுநிலை என்றால் எதிலும் கைவைக்காமல் ஒதுங்கி நிற்பது என்ற எண்ணமும் இந்த இடத்தில் உடைந்துபோகிறது. இதற்கு வங்கம் வரை போகவேண்டியதில்லை. மதுரை மாவட்டத்தின் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், விருதுநகர் மாவட்டத்தின் கொட்டக்கச்சியேந்தல் ஆகிய நான்கு ஊராட்சிகளின் தலைவர் பதவி 1996இல் பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது. பத்தாண்டுகள் அங்கே தலைவர் இல்லை. மனுப்போட ஆள் வரவில்லை. அல்லது ஆதிக்கச் சாதியினர் நிறுத்திய ஒருவர் மனுப்போட்டு, வென்று, உடனே விலகினார். ஒவ்வொரு முறையும் அறிவிக்கை வெளியானது, மேசை போடப்பட்டது, 'மனு வரவில்லை' என்று கோப்பில் எழுதப்பட்டது. விதிப்படி பார்த்தால் எந்த அதிகாரியும் எந்தப் பக்கமும் சாயவில்லை. அப்பழுக்கற்ற அந்த நடுநிலைதான் பத்தாண்டு காலம் அரசமைப்பை அந்த ஊர்களுக்குள் நுழையவிடாமல் வைத்திருந்தது. இதேபோல் ஒதுக்கப்பட்ட மேலவளவு ஊராட்சியில் எல்லாவற்றையும் மீறி நின்று வென்ற தலைவர் முருகேசனும் அவருடன் இருந்தவர்களும் 1997 ஜூன் 30 அன்று வெட்டிக் கொல்லப்பட்டார்கள் என்பதையும் சேர்த்து நினைத்தால், மனுப்போட ஆள் வராததன் பொருள் விளங்கும்.

2006இல் மதுரை ஆட்சியராக இருந்த த. உதயச்சந்திரன் தன் மாவட்டத்தின் அந்த ஊர்களுக்குப் போனார். இரு தரப்பிடமும் பேசினார். ஒருமுறை அல்ல, பலமுறை. அக்டோபரில் தேர்தல் நடந்தது. வென்றவர்கள் மறுநாளே விலகிவிடவில்லை. அவர் எந்த வேட்பாளருக்கும் வாக்குக் கேட்கவில்லை. தேர்தல் நடந்தே ஆகவேண்டும் என்ற ஒன்றில் மட்டும் விடாப்பிடியாகப் பக்கம் சாய்ந்தார். அந்தச் சாய்வுக்கு மேலிருந்த அரசின் ஒத்துழைப்பும் இருந்தது என்பதை மறைக்கவேண்டியதில்லை. மேலே விருப்பம் இல்லாத ஆண்டுகளில் கீழே இருந்தவர்கள் கோப்பு எழுதிக்கொண்டிருந்தார்கள். விருப்பம் வந்த ஆண்டில் ஓர் ஆட்சியரால் முடிந்தது. ஆக, இந்த வெற்றிக் கதையும் ஊழியர் யாருடைய கையில் இருக்கிறார் என்ற பழைய கேள்விக்கே நம்மைத் திருப்பி அனுப்புகிறது.

பிரிட்டன் இதே கேள்வியை வேறு பக்கத்திலிருந்து அணுகியது. எண்பதுகளில் சில நகரமன்றங்களில் கட்சிச் செயல்வீரர்களே உயர் அலுவலர்களாகவும் இருந்தார்கள். ஓர் ஊர் மன்றத்தில் சம்பளம், பக்கத்து ஊர் மன்றத்தில் உறுப்பினர் பதவி. இதை ஆராய அமைக்கப்பட்ட விடிகோம்ப் குழு 1986இல் அறிக்கை தந்தது. 1989ஆம் ஆண்டின் உள்ளாட்சி, வீட்டுவசதிச் சட்டம் உயர் பதவிகளையும் மன்ற உறுப்பினர்களுக்கு ஆலோசனை சொல்லும் பதவிகளையும் அரசியல் கட்டுப்பாட்டுக்குரியவை என்று வகுத்தது. அந்த நாற்காலிகளில் இருப்பவர் தேர்தலில் நிற்கமுடியாது, கட்சிப் பொறுப்பு வகிக்கமுடியாது, வாக்குக் கேட்கமுடியாது. தேர்தல் மாதத்தில் மட்டும் அல்ல, பணியில் இருக்கும்வரை. எதிர்த்து நான்கு அலுவலர்கள் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை போனார்கள். 1998 செப்டம்பரில் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் தோற்றார்கள். மறுத்த மூன்று நீதிபதிகளின் கவலையும் புறந்தள்ளக்கூடியதல்ல. குடிமகனின் அரசியல் உரிமையைப் பறித்துத்தான் அந்த நடுநிலை வாங்கப்பட்டது. ஆனாலும் அந்தச் சட்டம் ஒரு விஷயத்தில் நேர்மையானது. கட்டுப்பாட்டை எல்லா ஊழியர் தலையிலும் பொதுவாகக் கொட்டாமல், எந்த நாற்காலி ஆபத்தானது என்று அடையாளம் காட்டியது. தேர்தல் நடத்தும் அலுவலர் பெரும்பாலும் மன்றத்தின் மூத்த அலுவலரே என்றாலும், அந்தப் பணியில் அவர் மன்றத்துக்குக் கட்டுப்பட்டவர் அல்ல. சட்டத்தின் முன் சொந்தப் பொறுப்பில் நிற்கிறார்.

அங்கும் நடுநிலையை மௌனத்தோடு குழப்பிக்கொண்டது உண்டு. 2017 மே 4 அன்று உள்ளாட்சித் தேர்தல், ஜூன் 8 அன்று பொதுத்தேர்தல். காற்று மாசு பற்றிய வரைவுத் திட்டத்தை ஏப்ரல் 24க்குள் வெளியிடவேண்டும் என்ற நீதிமன்றக் கெடுவை, தேர்தல் காலத்தில் அரசு அமைதி காக்கவேண்டும் என்ற மரபைக் காட்டித் தள்ளிப்போட முயன்றது அரசு. மரபு வேறு, சட்டக் கடமை வேறு என்றார் நீதிபதி கார்ன்ஹாம். உள்ளாட்சித் தேர்தல் முடிந்த கையோடு வெளியிட ஆணையிட்டார். மே 5 அன்று வெளியானது. ஆந்திராவில் 2020 மார்ச் 18 அன்று தேர்தல் தள்ளிவைப்பை ஏற்ற உச்ச நீதிமன்றம், தேர்தல் நடத்தை விதிகளை மட்டும் உடனே விலக்கச் சொன்னதும் இதே தர்க்கம்தான். தேர்தல் தேதியே இல்லாமல் அரசின் கையைக் கட்டிவைத்தால் தவிப்பது மக்கள். 'எலெக்‌ஷன் முடியட்டும்' என்று குடிநீர்க் குழாய் உடைப்பைக்கூடத் தள்ளிப்போடும் அலுவலகங்களை நாம் அறிவோம். நடந்துகொண்டிருக்கும் வேலையை எந்தத் தேர்தல் நடத்தை விதியும் நிறுத்தச் சொல்வதில்லை.

அரசு ஊழியர்களை நம்பமுடியாது, வேறு யாரையாவது உட்காரவைக்கலாம் என்பவர்களுக்கு 2024 ஜனவரி 30 அன்று சண்டிகர் மேயர் தேர்தலில் நடந்ததை நினைவூட்டலாம். அங்கே வாக்குப்பதிவை நடத்திய தலைமை அலுவலர் அதிகாரி அல்ல. நியமன மன்ற உறுப்பினர், பாஜகவைச் சேர்ந்த அனில் மசிஹ். 36 வாக்குகளில் எட்டைச் செல்லாதவை என்று ஒதுக்கி, 16க்கு 12 என்ற கணக்கில் பாஜக வேட்பாளர் வென்றதாக அறிவித்தார். அந்த எட்டுச் சீட்டுகளில் அவரே பேனாவால் கிறுக்கியது கேமராவில் பதிவாகியிருந்தது. பிப்ரவரி 20 அன்று உச்ச நீதிமன்றம் எட்டையும் செல்லும் என்று எண்ணி, ஆம் ஆத்மியின் குல்தீப் குமாரை மேயராக அறிவித்தது. அங்கே தவறு பிடிபட்டது, வாக்காளர்கள் மொத்தம் 36 பேர் என்பதாலும் தலைக்கு மேலே கேமரா இருந்ததாலும். ஒரு கிராம ஊராட்சித் தேர்தலில் ஐந்து வாக்கில் தோற்றவருக்கு உச்ச நீதிமன்றம் எட்டாத தூரம்.

தமிழ்நாட்டில் செய்யக்கூடியவை சில, பெரிய செலவில்லாதவை. 28ஏ பிரிவைப் போன்ற தெளிவான அயற்பணி வாசகமும், இடைநீக்க அதிகாரமும் ஊராட்சிச் சட்டத்திலும் நகர்ப்புற உள்ளாட்சிச் சட்டத்திலும் மாநில ஆணையத்தின் பெயரில் இருக்கவேண்டும். தனி அலுவலராக இருந்து ஓர் ஊராட்சியை நடத்தியவர் அதே ஒன்றியத்தில் தேர்தல் நடத்தும் அலுவலராக இருக்கக்கூடாது. பக்கத்து ஒன்றியத்துக்கு மாற்ற ஒரு நாள் போதும். ஊராட்சிச் செயலர்களையும் அறிவிக்கை நாளிலிருந்து முடிவு வரும்வரை ஒன்றியத்துக்குள் இடம் மாற்றிப் போடலாம். வரி பாக்கிச் சான்றை ஒன்றிய அலுவலகத்திலும் இணையத்திலும் பெறும் வழி இருந்தால் ஒரு மனிதரின் செல்போன் ஒரு வேட்பாளரின் விதியாக இருக்காது. மனுத்தாக்கல் மேசை மீது முதல் நாளிலிருந்தே கேமரா வேண்டும். இவை எதுவும் ஊழியரைச் சந்தேகிப்பதற்காக அல்ல. 'எனக்கு மேலே உத்தரவு, நான் என்ன செய்ய' என்று அவர் உள்ளூர்ப் பெரிய மனிதரிடம் சொல்லித் தப்பிக்க, அவருக்கு ஒரு காரணம் வேண்டும்.

2019இல் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊரக உள்ளாட்சிப் பிரதிநிதிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5 அன்று முடிந்தது. அன்றிலிருந்து அந்த மாவட்டங்களின் ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்ட கிராம ஊராட்சிகள் மறுபடியும் தனி அலுவலர்களின் பொறுப்புக்குப் போயின. அவற்றுக்கான அடுத்த தேர்தலை நடத்தும் அலுவலர்கள் யார், அறிவிக்கைக்கு முந்தைய நாள்வரை அவர்கள் எந்த ஊராட்சியின் பொறுப்பில் இருந்தார்கள் என்ற பட்டியலை மாநிலத் தேர்தல் ஆணையம் அறிவிக்கையோடு சேர்த்தே வெளியிடவேண்டும்.